குடி நீக்கமும் உப்பளக் குடிகளும்

சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலக்கொடைகளைக் கூறுமிடத்து இரு தொடர்கள் வருதலை ஆய்வாளர் அறிவர். 'குடி நீக்கி' என்பது ஒன்று. 'குடி நீங்கா' என்பது மற்றொன்று. ஓர் ஊரையோ ஊரின் ஒரு பகுதியையோ கோயிலுக்கு அளிக்குங்கால், ஆண்டு முன்னரே நிலத்தைப் பற்றி வாழ்ந்த குடிகளின் பிடிப்பை விலக்கி அளிப்பது முன்னையது. அக்குடிகள் இருந்தாங்கு இருக்க, அவர்கள் இறுக்கும் கடமையை மட்டும் கோயிலுக்கு உரியதாக்குவது பின்னையது. 'குடி நீங்காத் தேவதானம்' என்ற வழக்கு இதனாற் பிறந்தது.

நீக்கப்பெற்றவர் யாவர் என்பதில் ஆய்வாளர் கருத்து ஒன்றுபடவில்லை. நிலத்தில் இறங்கி உழைத்தவரே பெயர்க்கப்பட்டனர் என்பார் ஒரு சாரார். உழைத்தவர் அங்கேயே இருந்தனர், மேலிருந்த காணியாளரின் உரிமையே மாற்றப்பட்டது என்பார் மற்றொரு சாரார். பின்னவர் கூற்றே பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்துமென யாம் கருதுகின்றோம். ஆளின்றி நிலம் விளையாது. விளையாத நிலத்தைப் பெற்ற கோயில் அதனால் அடையும் பயன் ஒன்றுமில்லை. எவ்வாறாயினும் ஒன்று தெளிவு. குடியை நீக்குதல், நீக்காமை என்பவை கொடை ஆவணத்தில் எழுதப்பட வேண்டிய செய்திகளாக இருந்தன. அரசனின் ஆணை ஓலையில் ஏறியது. நாட்டார் அதனை ஏற்றனர். எல்லையைச் சுற்றி நடந்து கல்லும் கள்ளியும் நட்டனர். வாய்ச்சொல் ஒன்றால் மட்டும் குடி நீங்கியதாக அவ்வாவணங்கள் காட்டவில்லை.

இப்பழஞ்சொற்களை ஈண்டு நினைவு கூர்தற்கு ஒரு காரணம் உண்டு. நீதிமன்றத்தின் ஆணை ஏதுமின்றி, 'நாளை முதல் இந்நிலத்தில் கால் வைக்காதே' என்று நிலத்துக்கு உரியவர் கூறுவாராயின், குத்தகைக் குடிக்கு உள்ள காப்பு யாது என்னும் வினாவை மரக்காணத்து உப்பளங்களை நோக்கி எழுப்புகின்றோம். இது சட்ட நூலார்க்கு உரிய வினா, தமிழ்த் துறையார்க்கு இதில் என்ன வேலை எனச் சிலர் எண்ணக்கூடும். ஆனால் இவ்வினாவின் விடை 'உழவு' என்னும் ஒரு சொல்லின் பொருளிலேயே பெரிதும் தங்கியுள்ளது. ஆதலின் சொல்லாராய்வோர் இதில் தலையிடுதல் தகும்.

மரக்காணம் இன்று விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. முன்னர்த் தென்னார்க்காட்டு மாவட்டத்துத் திண்டிவனம் வட்டத்தில் அடங்கியிருந்தது. சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய ஓய்மாநாட்டு நல்லியக்கோடனுக்கு உரிய எயிற்பட்டினம் இதுவே என அறிஞர் பலர் கொள்வர். வடக்கே காக்கிநாடாவிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் இப்பகுதியில் வந்து முடிகின்றது. அருகே கழுவெளி என்னும் பெரிய உவர்நீர்ப் பரப்பு உள்ளது. இவற்றைச் சூழ்ந்த தாழ்நிலங்களிலேயே உப்புப் பாத்திகள் அமைந்துள்ளன. உவர்நீரை முதலில் அகன்ற தேக்கங்களில் நிறுத்தி வெயிலில் செறியச் செய்து, பின்னர் வரப்பிட்ட சிறு பாத்திகளில் பாய்ச்சிப் படிய வைத்துப் பலகையால் வாரி அம்பாரமாகக் குவிப்பர். தைத் திங்களில் பாத்தியை மிதித்துச் செம்மை செய்யும் பணி தொடங்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் தொழில் நின்றுவிடும். அதன்பின் மூன்று திங்கள் வரப்பும் தெரியாதபடி நீர் நிற்கும். இப்பருவ ஒழுங்கை நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் இதனால் ஒரு பயன் உண்டு.

பாத்தி, வரப்பு, பாய்ச்சுதல், விளைச்சல் என மேலே யாம் வழங்கிய சொற்கள் யாவும் கழனிக்கு உரியவை. இது தற்செயலன்று. உப்பு 'விளைகின்றது' என்பதே தமிழ் வழக்கு. உப்பைச் 'செய்கின்றனர்' என்பது அருகிய வழக்கு. நற்றிணைப் புலவர் ஒருவர் உப்பு விளைப்போரை உழவர் என்றே சுட்டி, ஆயின் ஏர் பூட்டாத உழவர் என வேறுபடுத்துகின்றார். நெய்தல் நிலத்து உப்பை மருத நிலத்து நெல்லுக்கு ஒப்ப அளந்து மாற்றிய செய்தி அகநானூற்றில் உமணர் வாழ்வைக் கூறும் பாடல்களில் வருகின்றது. நெல்லும் உப்பும் விலையில் ஒத்தன என்பதோடு அமையாமல், இரண்டும் நிலத்தின் விளைவு என்னும் ஒரே வகையில் வைத்து எண்ணப்பட்டன என்றும் இதனைக் கொள்ளலாம்.

இவ்வெண்ணம் புலவரோடு நின்றுவிடவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் 1805-ஆம் ஆண்டின் முதலாம் ஒழுங்குமுறைச் சட்டத்தால் சென்னை மாகாணத்து உப்பு அரசின் தனியுரிமையாயிற்று. விளைத்தவர் தம் உப்பை அரசுக்கே ஒப்படைத்தல் வேண்டும். அதற்கு அரசு கொடுத்த விலைக்கு வழங்கிய பெயர் 'குடிவாரம்' என்பதாகும். நெல் வயலில் நிலக்கிழாரின் பங்கு மேல்வாரம், பயிரிட்டவன் பங்கு குடிவாரம் என்பதை அனைவரும் அறிவர். அச்சொல்லையே உப்பளத்துக்கும் எடுத்துக்கொண்ட அதிகாரிகள், தாம் அறிந்தோ அறியாமலோ, உப்பு விளைப்பவனை ஒரு குடி என ஏற்றுக்கொண்டவராயினர். அரசு மேல்வாரத்தார் நிலையில் நின்றது. அவன் குடியின் நிலையில் நின்றான்.

குடி என்று பெயர் பெற்றவனுக்கு நிலத்தில் நிலைத்த பிடிப்பு உண்டா என்பது வேறு செய்தி. திராவிட மொழிகளின் இனவுறவை 1816-இல் எடுத்துக்காட்டிய எல்லிஸ், 1818-இல் அச்சேறிய மிராசு உரிமை பற்றிய தம் விடைகளில் உள்குடி, புறக்குடி என்னும் வேறுபாட்டை விரித்துரைத்துள்ளார். ஊரிலேயே வழிவழித் தங்கி, வாரம் இறுக்கும் வரையில் எழுப்பப்படாதவன் உள்குடி. குறித்த தவணைக்கு வந்து உழுது செல்பவன் புறக்குடி. 1908-ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் சமீன் நிலங்களின் குடிகளுக்கு நிலைத்த உரிமை அளித்தது. இரயத்துவாரி நிலங்களில் பட்டாதாரருக்குக் கீழிருந்த குத்தகைக் குடிக்கு அச்சட்டத்தால் யாதொரு நன்மையும் இல்லை. தென்னார்க்காட்டின் பெரும்பகுதி இரயத்துவாரியே.

அக்குறையை முதலிற் போக்க முனைந்தது 1952-ஆம் ஆண்டின் தஞ்சைக் குத்தகையாளர், பண்ணையாள் காப்புச் சட்டம். அது தஞ்சை மாவட்டத்துக்கு மட்டும் உரியது. மாநிலம் முழுமைக்கும் வந்தது 1955-ஆம் ஆண்டின் 25-ஆம் சட்டமாகிய சென்னைப் பயிரிடும் குத்தகையாளர் காப்புச் சட்டம். இதன் சிறப்பு யாதெனின், நிலக்கிழார் தாமே குடியை எழுப்பும் வழியை முற்றிலும் அடைத்ததாகும். குத்தகை செலுத்தாமை, நிலத்துக்குக் கேடு செய்தல், உழவும் தோட்டப் பயிரும் அல்லாத பிறவற்றிற்கு நிலத்தைப் பயன்படுத்தல், நிலக்கிழாரின் உரிமையை வேண்டுமென்றே மறுத்தல் என்னும் காரணங்களுள் ஒன்றைக் காட்டி வருவாய்க் கோட்ட அதிகாரியிடம் மனுச் செய்து ஆணை பெற்றாலன்றி, நிலக்கிழார் வெளியேற்ற முடியாது. 1953 டிசம்பர் 1-இல் நிலத்தைப் பற்றியிருந்து, பின்னர் இழந்த குடிக்கு அதனை மீளப் பெறும் உரிமையும் தரப்பட்டது. சட்டம் வந்தபின் முறைதவறி எழுப்பப்பட்டவன் இரு திங்களுக்குள் அவ்வதிகாரியிடம் முறையிடலாம். பழைய ஆவண மொழியிற் கூறின், தமிழ்நாட்டு வயல்கள் யாவும் இதனால் 'குடி நீங்கா' நிலங்களாயின எனலாம்.

ஆனால் இச்சட்டத்தில் 'பயிரிடுதல்' என்பது உழவுக்கோ தோட்டப் பயிருக்கோ நிலத்தைப் பயன்படுத்தல் என வரையறுக்கப்பட்டுள்ளது. உப்பளம் அவ்வரையறையின் புறத்தே நின்றுவிட்டது. நின்றதோடு அமையவில்லை. உழவல்லாத பயன்பாடு வெளியேற்றத்துக்கு உரிய காரணங்களுள் ஒன்று என்பதை மேலே கண்டோம். கடலோரத்தில் உவர் ஏறிப் பயிர் பிடிக்காத வயலைக் குத்தகைக் குடி பாத்தி கட்டி உப்பு நிலமாக்கினான் எனக் கொள்வோம். அவனைக் காக்க வந்த சட்டமே அச்செயலை அவனுக்கு எதிராகக் காட்ட இடந்தருகின்றது. ஏர் பூட்டாதவனையும் உழவன் என்றது புலவர் மொழி. ஏர் பூட்டினாலன்றி உழவன் ஆகான் என்பது சட்டத்தின் மொழி.

இதனைச் சட்டம் இயற்றியோரின் புறக்கணிப்பு என்று கூற யாம் விரும்பவில்லை. அவர்கள் கண்முன் நின்றவை காவிரிப் படுகையின் நெல் வயல்களே. மேலும், தன் உடலுழைப்பையோ குடும்பத்தார் உழைப்பையோ நிலத்தில் செலுத்துபவனையே அச்சட்டம் குத்தகையாளன் என்கின்றது. உப்பளக் குத்தகைதாரரோ சிறு குடிகளாகவும் இருப்பர், பல ஏக்கரை எடுத்துக் கூலியாட்களைக் கொண்டு தொழில் நடத்தும் வணிகராகவும் இருப்பர். பின்னவர்க்கு உழவனின் காப்பு வேண்டுவதன்று. முன்னவர்க்கு அது மறுக்கப்பட்டது முறையன்று என்பதே எம் கருத்து. உழவர்க்கும் உழவுத் தொழிலாளர்க்கும் மனைக்கட்டிலிருந்து எழுப்பப்படாத காப்பை அளித்த 1961-ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டத்திலும் இதே எல்லையைக் காண்கின்றோம்.

எனின், உப்பளக் குடி காப்பற்றவனா? அல்லன். சிறப்புச் சட்டம் கைவிட்டாலும் பொதுச் சட்டம் கைவிடவில்லை.

முதலாவதாக அறிவிப்புப் பற்றிக் கூறுவாம். 1882-ஆம் ஆண்டின் சொத்துமாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, மாறான ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ இல்லாதவிடத்து, உழவுக்கோ செய்தொழிலுக்கோ விடப்பட்ட குத்தகையை ஆண்டுக் குத்தகையாகக் கொண்டு, ஆறு திங்கள் முன்னறிவிப்பின்றி முடிக்கவியலாது என்கின்றது. ஏனைய குத்தகைக்குப் பதினைந்து நாளே. இங்கு உழவும் செய்தொழிலும் ஒரே வரியில் இணைந்து நிற்கின்றமையால், உப்பு விளைவிப்பது இவற்றுள் எது என்னும் பூசலுக்கே இடமில்லை. எதுவாயினும் ஆறு திங்கள். எனினும் ஆண்டுக் குத்தகை பதிவு பெற்ற ஆவணத்தால் அமைதல் வேண்டும் என்று அடுத்த பிரிவு கூறுதலால், வாய்ப்பேச்சாக நிலம் எடுத்தவன் இந்நீண்ட தவணையை இழந்து திங்கட் குத்தகைக்காரனாகக் கருதப்படும் இடர் உண்டு. நிலமற்றோர் ஆவணமும் அற்றோராக இருத்தல் உலகியல்பு.

இரண்டாவது, இதனினும் பெரிது. அறிவிப்புத் தவணை முடிந்து குத்தகை அற்றுப்போயினும், குடியைக் கைப்பிடித்து வெளியேற்றும் உரிமை நிலக்கிழாருக்கு இல்லை. உரிமை முடிதல் வேறு, கைப்பற்று முடிதல் வேறு. முன்னது தவணையால் முடியும். பின்னது குடி தானே விட்டுச் சென்றாலன்றிச் சட்டவழியால்தான் முடியும். மிதுனாப்பூர் சமீன் கம்பெனி வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் 1924-இல் இந்நெறியை உறுதியாகக் கூறிற்று: இந்தியாவில் எவரும் தமக்கு உரிய நிலத்தையும் வலிந்து கைப்பற்றலாகாது, நீதிமன்றத்தின் வாயிலாகவே பெறுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. உச்ச நீதிமன்றம் 1968-இல் லல்லு யஷ்வந்த் சிங் வழக்கில் இதனை ஏற்று, குத்தகை முடிந்த குடிக்கும் இது பொருந்தும் எனத் தெளிவுறுத்தியது. 1877-ஆம் ஆண்டின் தனித்தீர்வுச் சட்டத்து 9-ஆம் பிரிவும், அதற்குப் பின்வந்த 1963-ஆம் ஆண்டுச் சட்டத்து 6-ஆம் பிரிவும் இந்நெறியைச் செயற்படுத்தும் கருவிகள். தன் இசைவின்றியும் சட்டவழியின்றியும் வெளியேற்றப்பட்டவன் ஆறு திங்களுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கிடலாம். நிலம் யாருக்கு உரியது என்னும் வினா அவ்வழக்கில் எழாது. நிலக்கிழார் தம் பட்டாவைக் காட்டினும் அது விடையாகாது.

கைப்பற்றை உரிமையினின்று பிரித்துக் காக்கும் இம்முறை நம் நாட்டில் மட்டும் உள்ளதன்று. உரோமர் சட்டத்தில் வன்முறையால் வெளியேற்றப்பட்டோரை மீள நிறுத்தும் தடையாணை இருந்தது. இங்கிலாந்தில் 1381-ஆம் ஆண்டிலேயே பிறர் பற்றிய நிலத்துட் படைதிரட்டி நுழைதல் தண்டனைக்கு உரியதாயிற்று. உரியவனுக்கும் இத்தடை எற்றுக்கு எனின், ஒவ்வொருவனும் தன் வழக்குக்குத் தானே நடுவனானால் வலியவன் கை ஓங்கும் என்பதே விடை. நம் ஊர் ஆவணங்களில் பயிலும் 'அனுபோக பாத்தியதை' என்னும் வடமொழித் தொடரும் நுகர்ந்து வருதலையே ஓர் உரிமையாக மதிக்கும் கருத்தினின்று எழுந்தது எனலாம்.

பூசல் கைகலப்பாக முற்றும் நிலையில் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் துணைக்கு வரும். 1973-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 145-ஆம் பிரிவு இன்று 2023-ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 164-ஆம் பிரிவாக உள்ளது. நிலம் அல்லது நீர் பற்றிய பூசலில் அமைதி குலையும் என அறிந்த நிருவாக நடுவர், உரிமையை ஆராயாமல் கைப்பற்று யாரிடம் இருந்தது என்பதை மட்டும் ஆராய்வார். முந்திய இரு திங்களுக்குள் வலிந்து வெளியேற்றப்பட்டவனைக் கைப்பற்றில் இருந்தவனாகவே கொள்ளலாம். 'நிலம் அல்லது நீர்' என்னும் அத்தொடர், பாதி ஆண்டு நிலமாகவும் மழைக்காலத்தில் நீராகவும் கிடக்கும் உப்பளத்துக்கெனவே அமைந்தது போலும்.

இனி அரசு நிலம். உப்பளங்களுட் பல தனியார்க்கு உரியனவல்ல. அரசிடம் குத்தகை பெற்றவை. இங்கு மேற்கூறிய 6-ஆம் பிரிவு பயன்படாது. அரசுக்கு எதிராக அப்பிரிவின்கீழ் வழக்கிடலாகாது என அதிலேயே விலக்கு உள்ளது. அரசு தரும் நிலக்கொடைகளுக்குச் சொத்துமாற்றுச் சட்டத்தின் விதிகள் பொருந்தா என்று, பின்னர் நீக்கப்பெற்ற 1895-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விலக்கியிருந்தமையால், அது நடப்பிலிருந்த வரையில் ஆறு திங்கள் அறிவிப்பும் ஒப்பந்தத்தில் இருந்தாலன்றிக் கிட்டவில்லை. ஆகவே நிலக்கிழார்களுள் வலிமை மிக்க அரசுக்கு எதிரிலேயே குடியின் கருவிகள் குறைகின்றன. ஆயினும் நெறி மாறவில்லை. பஞ்சாபில் அரசு நிலத்தில் இசைவு பெற்றுக் கட்டப்பட்ட அறச்சாலையை அதிகாரிகள் தம் ஆணையாலேயே கைப்பற்றியபோது, பிஷன் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961-இல் அதனைக் கடிந்தது. சட்டத்தின் துணையின்றி நிருவாக ஆணை ஒன்றால் ஒருவரை எழுப்ப அரசுக்கும் அதிகாரமில்லை என்றது. 1989-இல் உத்தரப்பிரதேச அரசுக்கும் தர்மேந்தர் பிரசாத் சிங் என்பாருக்கும் நிகழ்ந்த வழக்கில், குத்தகை விதி மீறப்பட்டதாகவே இருப்பினும், நிலத்துக்கு உரியதாகிய அரசு சட்டமுறைக்குப் புறம்பாக மீட்டுக்கொள்ளலாகாது என்று அதே நீதிமன்றம் கூறியது.

அரசுக்குச் சட்டமுறை என்பது உரிமையியல் நீதிமன்றமே ஆக வேண்டுவதில்லை. நடுவணரசின் நிலங்களுக்கு 1971-ஆம் ஆண்டின் பொது இடங்கள் சட்டமும், மாநில அரசின் நிலங்களுக்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் முதலியனவும் உள்ளன. முன்னதன்படி எழுத்து வடிவில் காரணங் கேட்கும் அறிவிப்பு, விடையளிக்கத் தவணை, சொத்து அலுவலரின் காரணங் காட்டிய ஆணை, மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு என்னும் படிகள் உண்டு. உப்பளக் குத்தகையின் காலம் முடிந்தபின் தொடர்ந்து இருப்பவர் அச்சட்டத்தின் நோக்கில் இசைவற்ற அனுபோகத்தாரே. எனினும் இப்படிகளுள் ஒன்றையும் தாண்டி அவரை எழுப்ப வழியில்லை. ஆகவே, 'நீதிமன்ற ஆணை எங்கே?' என்பதினும், 'எச்சட்டத்தின் எப்பிரிவின்கீழ் எழுதிய ஆணை?' என்பதே அரசு நிலத்துக் குடி கேட்க வேண்டிய வினா.

வீட்டு வாடகையைப் பற்றி விரிக்க வேண்டுவதில்லை. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் 2017-ஆம் ஆண்டின் 42-ஆம் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் ஆட்சிக்கு உட்பட்ட இடங்களில் வாடகை நீதிமன்றத்தின் ஆணையின்றி வெளியேற்றமில்லை. நீரையும் மின்விளக்கையும் நிறுத்தி அச்சுறுத்தலும் அதனால் விலக்கப்பட்டுள்ளது. பாத்தியில் இறங்கி உப்பு வாரும் கூலியாட்கள் இக்கட்டுரையின் எல்லைக்குள் வாராமை வருந்தத்தக்கது. அவர்கள் குடிகளே அல்லர்; வேலை நிறுத்தப்படுதற்கும் நிலத்தை இழத்தற்கும் சட்டம் வெவ்வேறு வழி வகுத்துள்ளது.

எஞ்சியிருப்பது சான்று பற்றிய செய்தி. கைப்பற்றைக் காக்கும் சட்டத்தின்முன் குடி மெய்ப்பிக்க வேண்டியது, 'நான் அங்கு இருந்தேன்' என்னும் ஒன்றையே. 1889-ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டமும் 1944-ஆம் ஆண்டின் நடுவண் ஆயத்தீர்வை, உப்புச் சட்டமும் உரிமமின்றி உப்பு விளைத்தலைத் தடுத்திருந்தன. அத்தடை சுமையே, 1930-இல் வேதாரணியத்துக்கு நடந்தோர் எதிர்த்ததும் அதனைத்தான். ஆயினும் எப்பாத்தி யாருடையது என்பதை அரசின் பதிவேடு அதனாற் காட்டியது. 1947 ஏப்ரல் முதல் நாளில் உப்பு வரி ஒழிந்தது. 1948-இல் பத்து ஏக்கர் வரை உரிமம் வேண்டாமென விலக்கப்பட்டது. 1996-இல் உரிம முறையே நீங்கியது. தளை நீங்கியபோது அதனோடு கூடியிருந்த சான்றும் நீங்கிற்று. சிறு குடிக்கு அது அரை நூற்றாண்டு முன்னரே நீங்கியது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இன்று அவனுக்கு எஞ்சியவை குத்தகைப் பணம் செலுத்திய பற்றுச்சீட்டு, உப்பு விற்ற கணக்கு, வண்டி ஏற்றிய சீட்டு, பக்கத்துப் பாத்தியாரின் சொல் ஆகியனவே.

பருவ ஒழுங்கை மறவாதிருக்குமாறு முன்னர்க் கூறினோம். ஐப்பசியில் பாத்தி நீரில் மூழ்கியதும் குடி வீட்டுக்குத் திரும்புகின்றான். அது கைவிடுதலன்று, மீளும் எண்ணத்தோடு நீங்கியவனின் கைப்பற்று தொடரும் என்பதே சட்டத்தின் கொள்கை. ஆனால் அவன் இல்லாத அம்மூன்று திங்களில் வேறொருவர் வரப்பை மாற்றிக் கட்டி நிலத்தைப் பிடித்துக்கொள்வாராயின், அதனை அவன் காண்பது தையில்தான். 6-ஆம் பிரிவின் ஆறு திங்களோ அவன் கண்ட நாளிலிருந்து எண்ணப்படுவதன்று. வெளியேற்றப்பட்ட நாளிலிருந்தே எண்ணப்படுவது. ஐப்பசியில் இழந்தவனுக்கு அத்தவணை சித்திரையோடு தீரும். நிருவாக நடுவர் பார்க்கும் இரு திங்கள் அதற்கு முன்னரே, மழை நிற்பதற்குள்ளாகவே, தீர்ந்துவிடும். சித்திரையோ உப்பளத்தில் உப்பு வாரும் பணி மிக்கிருக்கும் காலம்.